சங்கத்துக்குச் சந்தா: கடனா, கட்டாயமா?



கிளிநொச்சிப் பக்கமுள்ள ஒரு பங்கில் ஞாயிறு காலைப் பூசை முடிந்து சனங்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். கோவில் வளவு வேம்பின் நிழலில் இரு ஆசிரியர்கள் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஓய்வுபெறும் வயதை அண்மித்த ரீச்சர். தமது ஆசிரியர் சங்கக் கிளையின் பொருளாளர். மற்றவர் கணிதம் படிப்பிக்கும் இளைஞர். எந்தச் சங்கத்திலும் சேராதவர். கதை சற்று உரத்துப் போனதால் கேட்காமல் விட முடியவில்லை.

"தம்பி, 2022 தை மாதம் கூடின சம்பளத்தை நீரும்தானே எடுக்கிறீர்? பிறகேன் சங்கத்துக்கு ஒரு சதமும் தரமாட்டன் எண்டு நிக்கிறீர்?"

"நான் கேட்டே ரீச்சர் கூட்டினவை? கேட்காமல் செய்த உதவிக்கு இப்ப வந்து கூலி கேட்கிறது என்ன நியாயம்?"

"கேட்காட்டிலும் எடுத்தனீர்தானே."

"எடுக்காமல் திருப்பி அனுப்ப ஒரு படிவம் இருந்தால் தாருங்கோ, நிரப்பித் தாறன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், ரீச்சரும் சிரித்துவிட்டார். ஆனால் எனக்கு வீடு போய்ச் சேர்ந்த பின்பும் அந்தச் சிரிப்பு அடங்கவில்லை. ஏனெனில் இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. பிறர் உழைப்பின் பயனை அனுபவிப்பவன் அதற்குரிய பங்கைக் கொடுக்கக் கடமைப்பட்டவனா? கடமைப்பட்டவன் என்றால், கொடுக்க மறுக்கும்போது அவன் சம்பளத்திலிருந்து அதைக் கழித்தெடுக்கலாமா? அரச ஊழியர் ஒருவராவது இல்லாத கத்தோலிக்கக் குடும்பம் நமது வன்னியிலே அருமை. ஆகையால் இக்கேள்வி அநேகமாக உங்கள் வீட்டுக் கேள்வியுமாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இலங்கையில் அரச ஊழியர் எவரும் தொழிற்சங்கத்தில் சேரவேண்டும் என்றோ, சேராதவர் சந்தா கட்டவேண்டும் என்றோ சட்டம் இல்லை. தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவும் உள்ள சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை உறுதிசெய்கிறது, சேரும்படி வற்புறுத்தவில்லை. விரும்பிச் சேர்ந்தவர் எழுத்தில் சம்மதித்தால் சந்தா சம்பளத்திலே கழிக்கப்பட்டுச் சங்கத்துக்குப் போகும். அத்தொகை பெரும்பாலும் கடையில் ஒரு சோற்றுப் பார்சல் வாங்கவும் போதாத தொகை. ஆகவே காசின் அளவல்ல இங்கே பிரச்சினை. கணித ஆசிரியரும் காசைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை.

இனி ரீச்சரின் பக்கத்தை நோக்குவோம்.

2021ஆம் ஆண்டு யூலை மாதம் 8ஆந் திகதி, கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்துக்கு அருகே நடந்த ஆர்ப்பாட்டத்தில், இலங்கை ஆசிரியர் சங்கத்தின் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் உட்படப் பலர் கைதானார்கள். நீதிமன்றம் பிணை வழங்கியது. ஆயினும் கொரோனாத் தொற்றைக் காரணங்காட்டி அவர்களை வீட்டுக்குப் போகவிடாமல் பிடித்துத் தனிமைப்படுத்தலுக்குக் கொண்டுபோனார்கள். எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? கொழும்பிலிருந்து இத்தனை மைல் கடந்து, நமது முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவுக்கு! தமது காணியை மீட்க வீதியோரத்தில் நாட்கணக்காகக் குந்தியிருந்த சனங்களின் கேப்பாப்புலவு, கொழும்பு ஆசிரியர் தலைவர்களுக்கும் அப்படித்தான் அறிமுகமாயிற்று.

அதன் பின், யூலை 12 முதல் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினார்கள். 1997 முதல் தீராதிருந்த ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாடும் முன்னுக்கு வந்தது. நூறு நாட்களுக்கு மேல் அந்தப் போராட்டம் நீடித்து, ஒக்டோபர் 25ஆந் திகதி ஆசிரியர்கள் கடமைக்குத் திரும்பினார்கள். 2022 தை மாதத்தில் சம்பளம் உயர்ந்தது. சுபோதினிக் குழு சொன்னதில் மூன்றிலொரு பங்குதான் கிடைத்தது என்றும், மிகுதி மூன்றிலிரண்டும் வரவேண்டும் என்றும் சங்கங்கள் பின்பும் கேட்டு வந்தன; 2024 யூனிலும் அதற்காகச் சுகயீன விடுமுறைப் போராட்டம் நடந்தது. அது ஒருபுறமிருக்க, கிடைத்த அந்த மூன்றிலொரு பங்கு யாருக்குக் கிடைத்தது? சங்கத்தில் இருந்தவருக்கும் கிடைத்தது, இல்லாதவருக்கும் கிடைத்தது, போராட்ட நாட்களில் சங்கத்தைத் திட்டித் தீர்த்தவருக்கும் கிடைத்தது. சுற்றறிக்கைக்குக் கண் இல்லை. அங்கத்தவர் இவர், அல்லாதவர் அவர் என்று அது பார்ப்பதில்லை.

இன்னும் பழைய ஒரு கதை. இளந்தலைமுறை இதனை மறந்துவிட்டது. நமது பாடப்புத்தகங்களும் இதற்கு அதிக இடம் கொடுப்பதில்லை. செல்லையா கோடீஸ்வரன் என்பவர் கேகாலைக் கச்சேரியில் இலிகிதராக இருந்தார். சிங்களத் தேர்ச்சி காட்டாத காரணத்தால் 1962இல் அவருக்குரிய வருடாந்தச் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்கு வைத்தார். தமிழ் இலிகிதர்கள் தமக்கென அமைத்துக்கொண்ட அரசாங்க எழுதுவினைஞர் சங்கம் அவர் பின்னால் நின்றது. 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வெற்றி கிடைத்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றி, அரச ஊழியன் தன் சம்பளத்துக்காக முடியின்மேல் வழக்குத் தொடரமுடியாது என்றது. வழக்கு இலண்டன் கோமறைக் கழகம்வரை போய், 1969 டிசெம்பரில், தொடரமுடியும் என்று முடிந்தது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற பெரிய கேள்விக்கு விடை வரவேயில்லை. அது நமது துயரக் கதையின் வேறோர் அத்தியாயம். ஆனால் அரச ஊழியன் தன் உழைத்த சம்பளத்தைக் கேட்டு நீதிமன்றப் படி ஏறலாம் என்ற உரிமை, அந்த ஒரு வழக்கினால் சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோருக்கும் உறுதியாயிற்று. அச்சிறு சங்கத்துக்குச் சந்தா கட்டியவர் எத்தனை பேர்? பயன் பெற்றவர் எத்தனை பேர்?

காசுக்கு அப்பாற்பட்ட விலையும் உண்டு. 1947 யூனில் அரசாங்க லிகிதர்கள் செய்த வேலைநிறுத்தத்தின்போது தெமட்டகொடையில் பொலிசார் சுட்டதில் கந்தசாமி என்ற இலிகிதர் உயிரிழந்தார். அரச ஊழியருக்குச் சங்க உரிமை வேண்டும் என்பதும் அப்போராட்டத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. 1980 யூலையில் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கிய ஏறத்தாழ 40,000 பேர் வேலையை இழந்து வீதிக்கு வந்தனர். அன்று வேலைக்குப் போனவர்களின் அடுப்பு எரிந்தது; போகாதவர்களின் அடுப்பு அணைந்தது. இவற்றை நினைக்கும்போது, "நான் கேட்டேனா?" என்ற வார்த்தை தொண்டையில் சிக்குகிறது.

நமது ஊர் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மரணாதாரச் சங்கத்துக்கு மாதக் காசு கட்டாதவன் வீட்டில் சாவு விழுந்தால், கதிரையும் கொட்டகையும் வராது. வராது என்று தெரிந்தே கட்டாமல் இருந்தான். அது அவன் பாடு. (உண்மையில் வரும், நமது சனம் அவ்வளவு கல்நெஞ்சக்காரரல்லர், ஆனால் சட்டப்படி வராது.) அங்கே கட்டாயம் தேவையில்லை. ஆனால் குளத்து வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். இரணைமடுவின் கீழோ, முத்தையன்கட்டின் கீழோ வயல் செய்பவருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. போகத்துக்கு முன் கூட்டம் கூடி, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது என்று தீர்மானித்தால், கூட்டத்துக்கு வராதவனையும் அது கட்டுப்படுத்தும். தன் பங்கு வாய்க்காலைத் துப்புரவாக்காதவன் மேட்டுக்காரன் துப்புரவாக்கிய வாய்க்காலால் வரும் தண்ணீரை எடுக்கிறான். பள்ளத்திலிருப்பவன் வயல் காய்கிறது. அவனை நாங்கள் சுதந்திரப் பிரியன் என்று புகழ்வதில்லை. வேறு பெயர் வைத்திருக்கிறோம்; அதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

அப்படியானால் சம்பள உயர்வும் வாய்க்கால் தண்ணீர் போன்றதுதானே? எல்லோர் வயலுக்கும் பாய்கிறதுதானே? கழித்துவிட்டால் என்ன?

கழிக்கலாம் என்று சொன்ன நாடு உண்டு. அங்கே இன்று நமது வன்னிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். 1945இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து வின்சர் நகரில், ஃபோர்ட் கார்த் தொழிற்சாலைத் தொழிலாளர் 99 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிணக்கைத் தீர்க்க வந்த நீதியரசர் ஐவன் ராண்ட் 1946 தை மாதத்தில் ஒரு தீர்ப்புக் கூறினார். சங்கத்தில் சேரும்படி எவரையும் வற்புறுத்தக்கூடாது. ஆனால் சங்கம் பேசி வாங்கிக் கொடுக்கும் பயனை எல்லோரும் பெறுவதால், சேராதவரும் சந்தாவைக் கட்டவேண்டும். இதனை ராண்ட் சூத்திரம் என்பார்கள். ரொறன்ரோவில் ஆஸ்பத்திரியிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை செய்யும் உங்கள் மருமகனிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சம்பளச் சிட்டையில் அந்தக் கழிவு இருக்கும். அங்கே இன்னொரு நுணுக்கமும் உண்டு. சமய நம்பிக்கை காரணமாகச் சங்கத்துக்குக் காசு கொடுக்க மனச்சாட்சி இடந்தராதவர், தொழில் உறவுச் சபையின் அனுமதியோடு, அதே தொகையை ஒரு தரும நிறுவனத்துக்குக் கொடுக்க ஒன்ராறியோச் சட்டம் வழிவைத்திருக்கிறது. கொடுக்காமல் இருக்க வழியில்லை. ஆனால் கொடுக்கும் இடத்தை மனச்சாட்சி மாற்றலாம். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது. ஏன் என்று பின்னர் சொல்வேன்.

பக்கத்து நாடு நேர்மாறான வழியில் போயிற்று. அமெரிக்காவிலும் அரச ஊழியர் சங்கத்தில் சேராதவரிடம், பேரம் பேசும் செலவுக்கு மட்டும் ஒரு பங்கு வாங்கலாம் என்று 1977இல் உயர்மன்றம் தீர்த்திருந்தது. இல்லினோய் மாநிலத்தில் பிள்ளைப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்த மார்க் ஜேனஸ் என்பவர், மாதம் ஏறத்தாழ 45 டொலர் கழிக்கப்படுவதை எதிர்த்து வழக்காடினார். 2018 யூன் 27ஆந் திகதி, ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், பழைய தீர்ப்பு கவிழ்ந்தது. அரச ஊழியரிடம் அவர் சம்மதமின்றி ஒரு சதமும் கழிக்கக்கூடாது என்றாயிற்று. அவ்வழக்கில் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தொழிற்சங்கத்தின் பக்கம் நின்று மனுச் செய்தது என்பதும் நம் வாசகர் அறியவேண்டியது. ஆயர்களின் பக்கம் தோற்றது.

ஜேனஸ் தரப்பின் வாதம் என்ன? அதைக் கஞ்சத்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சற்று நில்லுங்கள். அரச ஊழியன் சம்பளத்திலிருந்து ஏற்கெனவே பல கழிவுகள் கேளாமலே போகின்றன. விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்குப் போகிறது. அக்கிரஹாரக் காப்புறுதிக்குப் போகிறது. எவரும் மனச்சாட்சியைக் கிளப்பவில்லை. ஏன்? அந்தக் காசு வாய் பேசாது. நோய் வந்தால் ஆஸ்பத்திரிக் கணக்கைக் கட்டும். செத்தால் மனைவிக்குச் சோறு போடும். சங்கத்துக்குப் போகும் காசு அப்படியன்று. அது மேடை ஏறிப் பேசும், பதாகை பிடிக்கும், அறிக்கை விடும், சில வேளை தேர்தலில் ஒருவரைச் சுட்டிக் காட்டும். அரசாங்கத்திடம் சம்பளம் கேட்பதே பொதுப் பணத்தை எங்கே செலவிடுவது என்ற அரசியல் பேச்சுத்தானே? நான் ஒப்பாத பேச்சுக்கு என் வாயால் ஆமென் சொல்லவைப்பது பாவமென்றால், என் பணத்தால் சொல்லவைப்பது மட்டும் புண்ணியமாகுமா?

கேப்பாப்புலவுக் கதையை இப்போது இன்னொரு முறை படியுங்கள். அவர்கள் கைதானது சம்பளத்துக்காக அன்று. பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்காக. அச்சட்டமூலம் கூடாது என்பது என் கருத்து. ஆனால் அது நல்லதென்று நினைக்கும் ஓர் ஆசிரியர் இருக்கலாம். "சம்பளத்துக்காகத்தான் காசு கட்டினேன், இதற்கல்ல" என்று அவர் சொன்னால் என்ன மறுமொழி? கனடாவிலும் இக்கேள்வி எழுந்தது. லவீன் என்ற கல்லூரி ஆசிரியர், தமது சந்தா தாம் ஒப்பாத அரசியல் காரியங்களுக்குச் செலவாகிறது என்று வழக்காடினார். 1991இல் அந்நாட்டு உயர்மன்றம் அவருக்கு எதிராகத் தீர்த்தது. நீதிபதிகள் தீர்த்துவிட்டார்கள் என்பதற்காக என் மனம் தீர்ந்துவிடவில்லை. பிரித்தானியாவில் 1913ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தியாவில் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமும் கண்ட வழி இதைவிட நேர்மையானது என்பேன். அரசியல் காரியத்துக்குச் சங்கம் வேறாக ஒரு நிதி வைக்கவேண்டும். விரும்பாத அங்கத்தவர் அதிலிருந்து விலகி நிற்கலாம். விலகி நின்றதற்காக அவரைச் சங்கத்தின் ஏனைய பயன்களிலிருந்து ஒதுக்கக்கூடாது. கட்சிகளின் நிழலிலே சங்கங்கள் வளர்ந்த நமது நாட்டில், எல்லாச் சங்கங்களும் இவ்வழக்கத்தைத் தாமாகவே மேற்கொள்ளத் தடை என்ன?

மேலும், ராண்ட் சூத்திரத்தை நமது மண்ணில் அப்படியே நடமுடியாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. கனடாவில் ஒரு வேலைத்தலத்தில் ஒரு சங்கந்தான் எல்லோருக்காகவும் பேசும். வாய்க்கால் ஒன்று. இங்கே 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி ஏழு பேர் கூடினால் ஒரு சங்கத்தைப் பதியலாம். ஆசிரியருக்கு மட்டும் எத்தனை சங்கங்கள்! இலங்கை ஆசிரியர் சங்கம், இலங்கைத் தமிழர் ஆசிரியர் சங்கம், இலங்கை ஆசிரியர் சேவைச் சங்கம் என்று பெயர்களை ஒப்புவிப்பதே ஒரு பிரார்த்தனை மாலை போலாகும். கட்டாயம் என்று வைத்தால் எந்தச் சங்கத்துக்குக் கட்டுவது? அமைச்சர் விரும்பும் சங்கத்துக்கா? ஆளுங்கட்சிக்கு வேண்டிய சங்கத்துக்கா? கட்டாயத்தை விதிப்பவன் அரசாங்கம். அந்த அரசாங்கத்தோடுதான் சங்கம் மல்லுக்கட்டவேண்டும். எசமான் கையால் ஊட்டப்படும் நாய் எந்த நேரத்தில் யாரைப் பார்த்துக் குரைக்கும்?

இதற்குச் சாட்சியாக ஒரு முதியவர் சொன்னதைச் சொல்கிறேன். 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா மாவட்டத்துக்கு வந்து குடியேறிய குடும்பங்களுள் அவர் குடும்பமும் ஒன்று. தோட்டத்தில் சந்தா என்பது சம்பளத்திலேயே பிடிபட்டுச் சங்கத்துக்குப் போய்விடும். "ஆரம்பத்திலே தலைவரு லயத்துக்கு லயம் நடந்து வந்து சந்தா வாங்குவாரு. அப்ப எங்க பிள்ளைக்குக் காய்ச்சல்னா அவருக்குத் தெரியும். ஆபீசிலே பிடிக்க ஆரம்பிச்சதுக்குப் பெறகு, காசு மட்டும் நடந்து போச்சு, அவரு வரல்லே" என்றார். சங்கங்களால் மலையக மக்கள் பெற்ற நன்மைகளை அவர் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. ஆனால் கேட்டு வாங்கும் காசு, கேட்பவனைப் பதில் சொல்ல வைக்கிறது. தானாக வரும் காசு அவனை நாற்காலியில் இருத்திவிடுகிறது.

இன்னொன்று. இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். கட்டாயம் என்ற சொல்லுக்கு இந்த வன்னி மண்ணிலே வேறெங்கும் இல்லாத ஒரு கனம் இருக்கிறது. பொது நன்மைக்கென்று சொல்லி வீட்டிலிருந்து எடுக்கப்பட்டவை காசு மட்டுமல்ல என்பதை 2009க்கு முன் இங்கு வாழ்ந்த தாய்மார் அறிவார்கள். எந்த இலட்சியமும் எவ்வளவு உயர்ந்ததாயினும், "நீ தரத்தான் வேண்டும்" என்று வாசலில் வந்து நிற்கும்போது அதன் முகம் மாறிவிடுகிறது. சில நூறு ரூபாச் சந்தாவை அதனோடு ஒப்பிடுவது மிகையென்று நீங்கள் சொல்லலாம், மிகைதான். ஆனாலும் கணித ஆசிரியர் அந்நாட்களில் சிறுவனாயிருந்தவர். அவர் "தரமாட்டன்" என்று சொன்னபோது அக்குரலில் நான் கேட்டது கஞ்சத்தனத்தை அன்று.

சரி, திருச்சபை என்ன சொல்கிறது? தொழிலாளர் சங்கம் அமைப்பது மனிதனின் இயல்பான உரிமை, அரசு அதைத் தடுக்கலாகாது என்று 13ஆம் சிங்கராயர் பாப்பரசர் 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் போதித்தார். 1981இல் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர், தொழிலைப் பற்றிய தமது சுற்றுமடலிலே, இக்காலச் சமுதாயத்துக்குச் சங்கங்கள் இன்றியமையாதவை என்றார். அவரே அதே மடலில், சங்கங்கள் கட்சிகளின் கைப்பிடிக்குள் போய்விடக்கூடாது என்றும் எச்சரித்தார். இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும். சங்கக்காரர் முதலாவதை மட்டும் சுவரொட்டியில் போடுகிறார்கள். சங்க விரோதிகள் இரண்டாவதை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

எனக்கு இதைவிட வெளிச்சம் தந்தது மத்தேயு நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்துச் சிறு நிகழ்ச்சி ஒன்று. ஆலய வரி வாங்குவோர் இராயப்பரிடம் வந்து, உங்கள் போதகர் வரி கட்டுவதில்லையா என்கிறார்கள். வீட்டுக்குள் வந்ததும் ஆண்டவரே முந்திக்கொண்டு, அரசர்கள் வரி வாங்குவது பிள்ளைகளிடமா பிறரிடமா என்று கேட்கிறார். பிறரிடந்தான். ஆகவே பிள்ளைகள் கட்டவேண்டியதில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர்களுக்கு இடறலாயிருக்கக்கூடாது என்று சொல்லி, கடலிலே தூண்டில் போடவைத்து, மீனின் வாயிலிருந்த நாணயத்தால் இருவருக்குமாகக் கட்டவைக்கிறார். முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இந்த மீன் கதை மிகவும் பிடிக்கும். பெரியவர்கள் கவனிக்கவேண்டியது வேறு. கட்டவேண்டிய கட்டாயம் தமக்கில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டே அவர் கட்டுகிறார். அவரிடத்தில் சுதந்திரமும் கொடுத்தலும் ஒன்றையொன்று வெட்டவில்லை.

ஆகவே என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒப்பாதவர்கள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதலாம். சட்டத்தால் கட்டாயப்படுத்துவது, இத்தனை சங்கங்களும் இத்தனை கட்சி நிழல்களும் உள்ள நமது நாட்டில், கேடாகவே முடியும். ஆனால் சட்டம் கேட்காதபடியால் கடன் இல்லை என்றாகாது. பிறர் வெயிலில் நின்று பெற்ற சம்பள உயர்வை நிழலில் இருந்து எடுத்தவன் கடனாளி. தன் மனச்சாட்சி எந்தச் சங்கத்துக்கும் இடந்தரவில்லையானால், அந்தத் தொகையை அவன் வேறொரு பொதுக் காரியத்துக்கு மாதந்தோறும் வைக்கட்டும். ஒன்ராறியோ ஏற்பாடு எனக்குப் பிடித்ததன் காரணம் இதுதான். உண்மையான மனச்சாட்சியையும் வசதிக்கேற்ற மனச்சாட்சியையும் அது பிரித்துக் காட்டிவிடும். "அவர்களுக்குக் கொடுக்கமாட்டேன்" என்பவனை மதிக்கிறேன். "எவருக்கும் கொடுக்கமாட்டேன்" என்பவன் மனச்சாட்சியைப் பற்றிப் பேசாதிருக்கட்டும்.

அப்படிக் கொடுப்பதற்கு வன்னியிலே இடமா இல்லை? சம்பளச் சிட்டையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நமது பள்ளிகளில் படிப்பித்த தொண்டர் ஆசிரியர்களை நினைத்துப் பாருங்கள். நிரந்தர நியமனங் கேட்டு அவர்கள் வடமாகாண ஆளுநர் அலுவலக வாசலில் நாட்கணக்காக இருந்தபோது, நிரந்தரச் சம்பளம் எடுக்கும் எத்தனை பேர் ஒரு போத்தல் தண்ணீரோடு அங்கே போனோம்? சந்தா கட்டிய நாங்களும் கட்டாத அவர்களும் ஒன்றாகவே வீட்டில் இருந்தோம்.

சங்கங்களுக்கும் ஒரு சொல். ஆண்டுக் கணக்கைத் தொழிற்சங்கப் பதிவாளருக்கு அனுப்பவேண்டியது சட்டம். அதைக் கிளைக் கூட்டத்தில் வாசித்து, பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் ஒட்டுவது மரியாதை. இடமாற்றச் சபைகளில் சங்கப் பிரதிநிதிகள் அமர்கிறார்கள். கஷ்டப் பிரதேசத்தில் ஆண்டுக்கணக்காக இருந்து சொந்த ஊருக்குப் போக வழி பார்த்திருக்கும் ஒரு தாய், "சந்தா கட்டினால்தான் பெயர் மேலே வரும்" என்று நம்பிப் படிவத்தை நிரப்புவாளானால், அது சந்தா அன்று. அதற்கு வேறு பெயர். அவ்வாறு நம்பியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அந்த நம்பிக்கை உண்மையா பொய்யா என்பதைவிட, அது உலவ இடங்கொடுத்த சங்கம் ஏன் வாய் திறந்து மறுக்கவில்லை என்பதே என் கேள்வி.

கடந்த ஞாயிறு அதே வேம்பின் கீழ் அதே இருவரையும் கண்டேன். ரீச்சர் தமது கைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கிளையின் வரவுசெலவு, அவரே கையால் எழுதியது. இளைஞர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். கணித ஆசிரியரல்லவா!

"இந்த 'பிரயாணம்' எண்டு போட்டிருக்கிறது எங்க போன பிரயாணம், ரீச்சர்?"

"கொழும்புக்கு. மத்திய குழுக் கூட்டம். பஸ் ரிக்கற் எல்லாம் வீட்டில கிடக்கு, வாரும் காட்டிறன்."

"இந்தக் கூட்டலில ஐம்பது ரூபா பிழைக்குது."

ரீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கூட்டத் தொடங்கினார்.